‘வாறேன் அண்ணே’ – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

மார்த்தாண்டம் பக்கம் ஒரு சின்ன ஊரில் இளைஞர் மன்றம் நடத்துகிறோம். படிப்பகம், சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ட்யூஷன், பொங்கலுக்கு விளையாட்டுப் போட்டி, ரத்ததானம், இவ்வளவுதான் வேலை. நான் பல வருஷமாகச் செயலாளர். ஒக்கி புயல் அடித்த சமயம் யாரும் கூப்பிடாமலே ஊர்ப் பையன்கள் வந்து ரோட்டில் கிடந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தினார்கள். இப்போது மாதக் கூட்டத்துக்கு நான்கு பேர் வந்தால் அதிகம். கேட்டால் “வாறேன் அண்ணே” என்பார்கள், வரமாட்டார்கள். ட்யூஷன் எடுத்துக்கொண்டிருந்த பையன் சொல்லாமலே நின்றுவிட்டான். மூன்று கூட்டம் தவறினால் பெயர் நீக்கம் என்று தீர்மானம் போட்டோம், அதற்குப் பிறகு இன்னும் குறைந்துவிட்டார்கள். கல்ஃபில் இருக்கும் அண்ணன்மார் பணம் அனுப்புகிறார்கள், ஆள்தான் இல்லை. வேலை செய்பவர்களுக்கு மாதம் ஏதாவது தொகை கொடுக்கலாமா? அல்லது நான் விலகிக்கொள்வதுதான் நல்லதா?

(பெயரும் ஊரும் போட வேண்டாம் அக்கா.)

அன்புள்ள தம்பி,

முதல் வேலையாக அந்தத் தீர்மானத்தை ரத்து செய்யுங்கள். சம்பளம் வாங்குகிறவனுக்குத்தான் வருகைப்பதிவேடு. சும்மா வந்து உதவுகிறவனுக்கு ஆப்சென்ட் போட்டால் “அப்படியானால் எனக்கென்ன” என்று போய்விடுவான். போயும்விட்டார்கள்.

ஒக்கியை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. 2017 நவம்பர் 30 அன்று ரோட்டில் ரப்பர் மரம் கிடந்தது, கண்ணுக்குத் தெரிந்தது. அரிவாளோ ரம்பமோ வைத்திருந்தவனுக்குத் தான் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மரம் அகன்றதும் வேலை முடிந்தது, வீட்டுக்குப் போனான். உங்கள் மாதக் கூட்டத்துக்கு வருகிறவனுக்கு இதில் எது கிடைக்கிறது? போன கூட்டத்தின் குறிப்பை வாசிப்பீர்கள், வரவு செலவு வாசிப்பீர்கள், இரண்டு பெரியவர்கள் பழைய ஆண்டுவிழாச் சண்டையை எடுப்பார்கள். கடைசியில் “எல்லாரும் ஒத்துழைக்கணும்” என்பீர்கள். நான் போய் உட்கார்ந்த மன்றக் கூட்டங்கள் எல்லாம் இப்படித்தான் இருந்தன, உங்களுடையது மட்டும் வேறு மாதிரி இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

“எல்லாரும்” என்று கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள். “படிப்பகத்தில் கிழிந்த புத்தகங்களைப் பிரித்து ஒட்ட வேண்டும், ஞாயிறு மூன்று மணி முதல் ஐந்து வரை, உனக்கு அட்டை ஒட்டத் தெரியும்” என்று ஒருவனை நேரில் பார்த்துச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அங்கே கட்டைவிரல் படம்தான் வரும்.

அடுத்தது நேரம். உங்கள் கூட்டம் இரவு எட்டரைக்கு என்று வைத்துக்கொள்கிறேன், நம் பக்கம் பெரும்பாலும் அப்படித்தான். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவன் விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் நிற்க வேண்டும். எட்டரைக்கு அவன் படுத்திருப்பான். ஆனால் இலை உதிர்ந்து வெட்டு நிற்கும் பிப்ரவரி, மார்ச்சிலும், மழை கொட்டும் நாட்களிலும் அவன் சும்மா இருக்கிறான். கடற்கரை ஊர்களில் மன்றம் நடத்துகிறவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் சொல்கிறேன்: நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் விசைப்படகுக்கு இரண்டு மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இதைப் பார்க்காமல் ஆண்டுத் திட்டம் போட்டால் ஆள் எப்படிக் கிடைக்கும்? ஒவ்வொருவனுக்கும் எந்த மாதம் கை ஒழிகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வருஷம் முழுவதும் எவனும் வேண்டாம். இரண்டு மாதம் முழுதாகக் கிடைத்தால் போதும்.

இன்னொன்று, அதே பையன் கோயில் கமிட்டியிலோ சர்ச் இளைஞர் குழுவிலோ இருப்பான், ஒரு நடிகரின் ரசிகர் மன்றத்திலும் இருப்பான், கல்லூரியில் என்.எஸ்.எஸ். என்ற நாட்டு நலப்பணித் திட்டத்திலும் இருப்பான். அவனைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள், நாலு பேர் பங்குபோட்டுக்கொண்டிருக்கிறார்கள். என்.எஸ்.எஸ். மாணவன் வருஷத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். அதில் கொஞ்சம் உங்கள் படிப்பகத்தில் நடக்கட்டுமே. கல்லூரியின் திட்ட அலுவலரைப் போய்ப் பாருங்கள். அவர்களும் நல்ல வேலை இருக்கும் இடத்தைத் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு பெண்ணும் இல்லை, கவனித்தீர்களா? “பையன்கள்”, “பையன்”, “அண்ணன்மார்” என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஊரில் நர்சிங் படிக்கிற, பி.எட். முடித்து வீட்டில் இருக்கிற பெண்கள் எத்தனை பேர்! ராத்திரி ஜங்ஷனில் ஆண்கள் உட்கார்ந்திருக்கும் திண்ணைக்கு எந்த வீட்டில் மகளை அனுப்புவார்கள்? கூட்டத்தைப் பகலுக்கு மாற்றுங்கள், கழிப்பறைக்குக் கதவும் தாழ்ப்பாளும் போடுங்கள், நிர்வாகக் குழுவில் ஒரு பெண்ணுக்குப் பதிலாக மூன்று பேரைப் போடுங்கள். ஒருத்தி மட்டும் இருந்தால் அவளுக்குக் கோலம்போடும் பொறுப்பையும் விருந்தினருக்குப் பூக்கொடுக்கும் பொறுப்பையும் கொடுத்துவிடுவீர்கள்.

பணம் பற்றிக் கேட்டீர்கள். பிள்ளைகளுக்குச் சாயங்கால வகுப்பு நடத்தும் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021இல் தொடங்கியபோது தன்னார்வலர்களுக்கு அரசு மாதம் 1000 ரூபாய் கொடுத்தது. அது தவறில்லை, தினமும் சாயங்காலம் பிள்ளைகளை உட்காரவைக்கிற வேலை. உங்களால் மாதாமாதம் நிச்சயமாகக் கொடுக்க முடியும் என்றால் கொடுங்கள். கல்ஃப் அண்ணனுக்கு வேலை போனால் நின்றுவிடும் பணம் என்றால் ஆரம்பிக்காதீர்கள், நிறுத்தும்போது மனக்கசப்புதான் மிஞ்சும். ஆனால் கைச்செலவு வேறு. பஸ் காசு, ஜெராக்ஸ், பெட்ரோல், டீ இதெல்லாம் யாரும் சொந்தக் காசில் செய்யக் கூடாது. கேட்டு வாங்கக் கூச்சப்படுவார்கள், நீங்களே மாதக் கடைசியில் கணக்குப் பார்த்துக் கொடுங்கள். ஆண்டுவிழாவில் பொன்னாடைக்குச் செலவாகும் தொகையே இதற்குப் போதும்.

ட்யூஷன் பையன் விஷயத்துக்கு வருகிறேன். ஏன் நின்றான் என்று அவனைக் கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. பதினெட்டு இருபது வயதுப் பையன், நான்காம் வகுப்பு முதல் ஒன்பது வரை கலந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், கூட யாரும் இல்லை. பிள்ளைகள் பாடம் மட்டுமா சொல்வார்கள்? அப்பா குடித்துவிட்டு அடித்ததைச் சொல்வார்கள். அதைவிட மோசமானதையும் சொல்லக்கூடும். அதைக் கேட்டவன் என்ன செய்வான், யாரிடம் போவான்? மன்றம் அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரியவந்தால் போலீஸில் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் மறைப்பது குற்றம் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிப் பேசி முடிக்கிற காரியமில்லை இது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை படிப்பகச் சுவரில் பெரிதாக எழுதிப் போடுங்கள். எப்போதும் இரண்டு பேராக வகுப்பு எடுக்கட்டும், பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு, எடுக்கிறவர்களுக்கும் பாதுகாப்பு. அப்புறம் மாதம் ஒருமுறை அவர்கள் இருவரோடும் உட்கார்ந்து “எப்படிப் போகிறது?” என்று கேளுங்கள். அறிக்கை கேட்காதீர்கள், பேசவிடுங்கள்.

1945இல் நூலக இயக்கத்தை வளர்த்த பி.என். பணிக்கர், இப்போது கேரளத்தில் இருக்கும் அம்பலப்புழையில் 47 கிராம நூலகங்களைக் கூட்டித் திருவிதாங்கூர் நூலகச் சங்கத்தைத் தொடங்கினார். அப்போது நாமும் திருவிதாங்கூர் சமஸ்தானம்தான், 1956இல்தான் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தோம். நம் ஊர்களில் மூலைக்கு மூலை ஒரு படிப்பகம் இருப்பதில் அந்தக் காலத்துக் காற்றுக்கும் பங்குண்டு என்பது என் எண்ணம். அவையெல்லாம் சாயங்காலம் யாரோ ஒருவர் வந்து கதவு திறந்ததால் ஓடியவை. உங்கள் படிப்பகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது? உங்களிடமும் தலைவரிடமும் என்றுதான் நினைக்கிறேன். கடைசியாகச் சேர்ந்தவனிடம் ஒன்று கொடுங்கள். எந்தப் பத்திரிகை வாங்குவது, போட்டியில் உறியடியா வடம் இழுப்பதா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். அவர்கள் முடிவு உங்களுக்குப் பிடிக்காமல் இருந்தாலும் ஒரு வருஷம் வாயைத் திறக்காதீர்கள்.

நீங்கள் விலகுவது பற்றி. விலகலாம், ஆனால் இப்போது கோபத்தில் வேண்டாம். அடுத்த ஆண்டுப் பொதுக்குழுவில் செய்யுங்கள். அதற்குள் இரண்டு பேரை உங்களோடு சேர்த்து வங்கிக்கும் பதிவாளர் அலுவலகத்துக்கும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள், கணக்கு நோட்டை அவர்களே எழுதட்டும். பிறகு ட்யூஷனில் அந்த இரண்டாவது ஆளாக நீங்கள் உட்காரலாம். கணக்குப் பாடம் வருமா?

அன்புடன்,
அக்கா