உயிர்வேதியியல் தேர்வு: மனப்பாடத்துக்கு முன் பிணைப்பு

கேள்வி: பி.எஸ்சி. விலங்கியல் முதலாண்டு படிக்கிறேன். அடுத்த வாரம் உயிர்வேதியியல் அலகில் தேர்வு. கார்போஹைட்ரேட், புரதம் எல்லாம் மனப்பாடமாகத் தெரியும். ஆனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் குழம்பிவிடுகிறேன். எப்படித் திருப்பிப் படிப்பது?

பதில்: வகைப்பாட்டு அட்டவணையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பிணைப்பு எங்கே இருக்கிறது, எது எப்போது அறுகிறது என்பது தெளிவானால் பாதிக் குழப்பம் போய்விடும்.

தண்ணீர் கொதிக்கும்போது எது அறுகிறது? ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரிகின்றன என்று எழுதுபவர்கள் நிறையப் பேர். தவறு. ஆவியும் தண்ணீர் மூலக்கூறுதான். உள்ளே அணுக்களைச் சேர்த்துவைத்திருக்கும் சகப்பிணைப்பு அப்படியே நிற்க, மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகளே அறுகின்றன. முட்டையை வேகவைப்பதும் இதே கணக்குத்தான்: புரதத்தின் மடிப்பைப் பிடித்திருந்த வலுக்குறைந்த பிணைப்புகள் விட்டுப்போகின்றன, அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று கோக்கும் பெப்டைடு பிணைப்பு போவதில்லை. அதனால் முதல்நிலை அமைப்பு, அதாவது அமினோ அமில வரிசை, மாறாது. பெப்டைடு பிணைப்பை வெட்டுவது வயிற்றில் பெப்சின் என்ற நொதி செய்யும் வேலை; அது நீராற்பகுப்பு, அதாவது தண்ணீரைச் சேர்த்துப் பிணைப்பை உடைப்பது.

அடுத்து, வெள்ளைத் தாளில் இரண்டு அமினோ அமிலங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வரையுங்கள். நடுவில் ஒரு கார்பன். அதைச் சுற்றி அமினோ தொகுதி, கார்பாக்சில் தொகுதி, ஒரு ஹைட்ரஜன், பக்கச்சங்கிலி. ஒன்றின் கார்பாக்சிலில் இருந்து ஹைட்ராக்சிலும், மற்றதன் அமினோவில் இருந்து ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்து தண்ணீராக வெளியேறும். அந்த மூன்று அணுக்களையும் வட்டமிடுங்கள். புத்தகத்தைப் பார்க்காமல் வரைய வரும்வரை விடாதீர்கள்.

சர்க்கரைகள் இணையும்போதும் இப்படியே ஓர் இணைப்புக்கு ஒரு தண்ணீர் வெளியேறும். இதிலிருந்து வரும் கணக்கு ஒன்று: 10 குளுக்கோஸ் நேர்ச்சங்கிலியாக இணைந்தால் வாய்பாடு என்ன? இணைப்புகள் 9 என்பதால் வெளியேறும் தண்ணீரும் 9தான். மொத்தம் கார்பன் 60, ஹைட்ரஜன் 120, ஆக்சிஜன் 60. ஹைட்ரஜனில் 18, ஆக்சிஜனில் 9 கழித்தால் 60, 102, 51. பத்துத் தண்ணீரைக் கழித்துவிட்டு மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவதுதான் வழக்கம். டிரைகிளிசரைடில் ஒரு கிளிசராலோடு 3 கொழுப்பு அமிலங்கள் சேர்வதால் தண்ணீர் 3. ஆனால் ஒரே அலகு தொடர்ந்து நீளாததால் அது பாலிமர் (ஒரே மாதிரி அலகுகள் தொடராக இணைந்த நீண்ட சங்கிலி) அல்ல.

ஸ்டார்ச், செல்லுலோஸ் இரண்டுமே குளுக்கோஸ்தான். ஸ்டார்ச்சில் ஆல்ஃபா 1,4 இணைப்பு, செல்லுலோஸில் பீட்டா 1,4. நம் உடலின் அமைலேஸ் என்ற நொதி முன்னதை மட்டுமே வெட்டும்.

அமிலத்தன்மையைக் காட்டும் பி.ஹெச். அளவில் ஒரு படி என்றால் பத்து மடங்கு. 7இலிருந்து 4க்கு இறங்கினால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு 1,000 மடங்கு கூடுகிறது. எண் குறைகிறதே என்று 'குறையும்' என எழுதிவிடாதீர்கள்.

டி.என்.ஏ.யில் அடினைன் 30% என்றால் தைமின் 30%, குவானைன் 20%, சைட்டோசின் 20%. இது இரட்டை இழைக்கு மட்டும். கேள்வியில் 'ஒற்றை இழை' என்று இருந்தால் மற்ற மூன்றையும் கணக்கிட முடியாது, அதையே விடையாக எழுதுங்கள்.