பிடித்தம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பத்து வருடமாகச் சம்பள வேலையில் இருக்கிறேன். ஓவர்டைம் பார்த்தால் அதிலும் வரி போய்விடுகிறது. இப்போது பதவி உயர்வு தருகிறோம் என்கிறார்கள். வாங்கினால் அடுத்த வரிப்படிக்குப் போய்க் கைக்கு வருவது குறையும் என்கிறார்கள் நண்பர்கள். மறுத்துவிடலாமா? வரியே கட்டாத கூட்டத்தையும் நாங்கள்தான் சுமக்கிறோம். எல்லோருக்கும் ஒரே விகிதம் என்று வைத்துவிட்டால் நியாயம் வந்துவிடாதா?

எம்.

அன்புள்ள எம்,

ஓவர்டைம் என்ற சொல்லைப் படித்ததும் ஒரு முகம் நினைவுக்கு வந்துவிட்டது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். "வரியே கட்டாத கூட்டம்" என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? கூலிக்காரர் வாங்கும் சோப்பின் விலைக்குள்ளும் வரி இருக்கிறது. 1954இல் பிரான்ஸ் தொடங்கிவைத்த மதிப்புக் கூட்டு வரி இன்று பெரும்பாலான நாடுகளில் ஏதோ ஒரு பெயரில் உண்டு. வந்ததையெல்லாம் செலவழித்தே ஆகவேண்டியவரின் வருமானத்தில் அது பெரிய பங்கைத் தின்கிறது. பாதியைச் சேமிக்க முடிந்தவரைக் கொஞ்சமாகத்தான் தொடுகிறது. இனி அப்படி எழுதாதீர்கள். ஒரே விகிதம் பற்றிய பேச்சையும் விடுங்கள். எது வருமானம் என்பதிலேயே இரண்டு கணக்கு இருக்கும்போது விகிதத்தை மட்டும் ஒன்றாக்கி என்ன செய்வது?

இருபத்து மூன்று வயதில் ஒரு தொழிற்சாலையில் சம்பளப் பட்டியல் போடும் குமாஸ்தாவாக இருந்தேன். மனைவியின் ஆபரேஷனுக்காக மாதம் முழுக்க ஓவர்டைம் பார்த்த ஒருவர், சம்பளச் சீட்டோடு என் மேஜைக்கு வந்தார். 'பிடித்தம்' என்ற கட்டத்தின் மேல் விரலை வைத்தார். கிரீஸ் விரல். எடுத்தபோது எண் தெரியவில்லை. "இதை நான் கையால தொடவே இல்லையே தம்பி" என்றார். சட்டம் அப்படி என்றேன். வேறென்ன சொல்ல?

அதே வாரம் முதலாளியின் பங்குகள் நன்றாக விலை ஏறியிருந்தன. அவர் விற்கவில்லை. அடகு வைத்து வங்கியில் கடன் வாங்கினார். அந்தக் கடிதத்தை டைப் அடித்ததும் நான்தான். விற்காததால் லாபம் இல்லை, கடன் என்பது வருமானமும் இல்லை. ஆகவே வரி இல்லை.

எத்தனை சதவீதம் என்றுதான் எல்லோரும் சண்டை போடுகிறார்கள். எப்போது எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். 1799இல் பிரிட்டனில் பிரதமர் வில்லியம் பிட் வருமான வரி கொண்டுவந்தபோது ஆண்டுக்கு 60 பவுண்டுக்குக் கீழே சம்பாதித்தவர்களை விட்டுவிட்டார். பெரும்பாலான கூலிக்காரர்கள் அந்த வரிக்குள்ளேயே வரவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பணம் வேண்டியிருந்தபோது சம்பளத்திலேயே பிடிக்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் 1943, பிரிட்டனில் 1944. போர் முடிந்தும் பிடித்தம் தொடர்ந்தது. உழைப்பவரிடம் முன்கூட்டியே எடுக்கும் சட்டம், சொத்துக்காரர் விற்கும் நாள்வரை வாசலில் காத்திருக்கிறது. அமெரிக்காவில் அவர் விற்காமலே இறந்துபோனால், அதுவரை ஏறிய மதிப்புக்கு வாரிசும் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. அமெரிக்கப் பெருங்கோடீஸ்வர முதலீட்டாளர் வாரன் பஃபெட் 2011இல் தாமே எழுதினார்: வரிக்குரிய வருமானத்தில் அவர் கட்டியது 17.4 சதவீதம், அவர் அலுவலகத்தின் மற்ற 20 பேர் கட்டியது சராசரியாக 36.

விற்காத சொத்தின் மதிப்பை எப்படி அளப்பது என்பார்கள். வங்கி அளந்துதானே கடன் கொடுத்தது! வங்கி நம்பும் மதிப்பை வரித்துறை ஏன் நம்பக்கூடாது? பெரும் பங்குதாரர் அடகு வைக்கும் நாளையே விற்ற நாளாகக் கணக்கில் எடுக்கட்டும். வருடக்கணக்காக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

அட, உங்கள் பதவி உயர்வு! நண்பர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். படிமுறை வரியில் ஒரு படியின் எல்லையைத் தாண்டிய தொகைக்கு மட்டும்தான் கூடுதல் விகிதம்; எல்லைக்குக் கீழே உள்ளதற்குப் பழைய விகிதமேதான். நீங்கள் பெறும் உதவித்தொகை எதற்காவது வருமான வரம்பு இருந்தால் அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து வருட உழைப்பு அது. நாளைக்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள்.