15 வயது மகன் சின்னத் தோல்விக்கே உடைந்துபோகிறான். அவன் மனதைத் திடப்படுத்த நான் என்ன செய்ய வேண்டும்?

என் மகளும் அந்த வயதில் அப்படித்தான் இருந்தாள். ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தது, நெருங்கிய தோழி பேச்சை நிறுத்திவிட்டாள், இரண்டும் ஒரே மாதத்தில். பள்ளியிலிருந்து வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். நான் பின்னாலேயே போய், "இதுக்கெல்லாமா அழுவாங்க? இன்னும் எவ்வளவோ பார்க்கணும்" என்பேன். தைரியம் சொல்வதாகத்தான் நினைத்தேன். ஒருநாள் அவளே சொன்னாள்: "அம்மா, நீ ஒண்ணும் சொல்லாம கொஞ்ச நேரம் கேட்டாப் போதும்."

அன்றிலிருந்து இரவில் விளக்கை அணைத்தபின் அவள் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன். முகம் பார்க்காமல் பேசுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது. முதல் நாலைந்து நாள் பேச்சே இல்லை. அப்புறம் ஒரு ராத்திரி, "கிளாஸ்ல எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரியே இருக்கு" என்றாள். யார் சிரித்தது, எப்போது என்று விசாரிக்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, "அப்படித் தோணினா அங்கே உட்கார்ந்திருக்கிறதே கஷ்டமாச்சே" என்று மட்டும் சொன்னேன். வெகுநேரம் அழுதாள். அழட்டும் என்று விட்டேன்.

தோழியின் அம்மாவிடம் பேசிவிடலாம் என்று எனக்குத் துடித்தது. வேண்டாம் என்றாள். தானே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். அந்த நட்பு திரும்பவில்லை, ஆனால் அந்த ஏமாற்றத்தைத் தன்னால் தாங்க முடிகிறது என்பதை அவளே கண்டுகொண்டாள். நான் முந்திக்கொண்டிருந்தால் அவளுக்கு அது தெரிந்தே இருக்காது.

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் மனநோய் என்று பல சுமைகளோடு வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தன்னம்பிக்கையும் அக்கறையும் உள்ளவர்களாக நிமிர்ந்தார்கள். நம்பிச் சாய ஒரு பெரியவராவது இருந்தது அதற்கு முக்கியமான துணை. அந்தப் பெரியவர் பெற்றோராகவே இருக்க வேண்டியதில்லை. தாத்தா பாட்டியோ ஆசிரியரோ ஆகலாம். என் மகள் என்னிடம் சொல்லாததையெல்லாம் அவள் சித்தியிடம் சொன்னாள். முதலில் எனக்கு வலித்தது, பிறகு நிம்மதியாக இருந்தது. உங்கள் மகனுக்கு அப்படி யாராவது இருந்தால் அந்த வழியை அடைக்காதீர்கள்.

தூக்கத்தையும் பாருங்கள். இந்த வயதில் 8 முதல் 10 மணி நேரம் தேவை. ஆனால் உறக்கத்துக்கான மெலடோனின் என்ற ஹார்மோன் பருவ வயதில் இரவு தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்கும். காலையில் எழ முடியாதவளைச் சோம்பேறி என்று திட்டியதற்காக இன்றும் வருந்துகிறேன்.

சரி, எப்போது வெளி உதவி தேடுவது? சோர்வும் எரிச்சலும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், பிடித்த விளையாட்டுகூட வேண்டாம் என்றால், சாப்பாடும் தூக்கமும் மாறிப்போனால், மனநல மருத்துவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ கூட்டிப்போங்கள். மனநலப் பிரச்சினைகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும், பாதி 18 வயதுக்குள்ளும் தொடங்குகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால் வயசுக் கோளாறு, தானாகச் சரியாகும் என்று தள்ளிப்போட வேண்டாம். நாங்கள் நான்கு மாதம் தாமதித்துத்தான் போனோம். அவ்வளவு நாள் அவள் தனியாகப் பட்ட பாடு தேவையே இல்லாதது.

"நான் இல்லாமப் போனா நல்லாருக்கும்" என்பது போல ஒரு வார்த்தை காதில் விழுந்தால், "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பலருக்கு அதைச் சொல்ல ஆள் கிடைத்ததே ஆறுதல். ஆமாம் என்றால் திட்டாதீர்கள், பதறி அழாதீர்கள். அவனைத் தனியாக விடாமல், மாத்திரைகளையும் கூர்மையான பொருள்களையும் கைக்கு எட்டாமல் எடுத்து வைத்துவிட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.