கையை ஓங்க அனுமதி தருவது யார்?

(திரைப்படம், தொடர், கைப்பேசி ஆகியவை வீட்டுக்குள் என்ன செய்கின்றன என்பது குறித்து டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களுள் சில, இவ்விதழின் வாசகர் கேள்வி–பதில் பகுதியில்.)

கேள்வி: என் கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். பத்து வயது மகன் கைப்பேசியில் சண்டைக் காட்சிகளையே பார்க்கிறான். பார்த்ததை ஆறு வயதுத் தங்கையிடம் செய்துகாட்டுகிறான். வாயாலேயே பின்னணி இசை போட்டுக்கொண்டு மெதுவாகக் காலைத் தூக்கி உதைக்கிறான். "இப்படியே விட்டால் ரவுடியாகத்தான் வருவான்" என்கிறார் என் நாத்தனார். உண்மையா?
— திருவையாற்றிலிருந்து ஒரு தாய்

பதில்: பார்த்ததைக் குழந்தைகள் செய்துகாட்டுவார்கள் என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1961-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவும் அவருடைய சகாக்களும் 72 மழலையர் பள்ளிக் குழந்தைகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும், பெரியவர் ஒருவர் காற்றடைத்த கோமாளிப் பொம்மையின் மேல் ஏறி உட்கார்ந்து குத்துவதையும் சுத்தியலால் அடிப்பதையும் காட்டினார்கள். பிறகு அதே பொம்மை இருந்த அறைக்கு அழைத்துச் சென்றபோது, அந்தப் பிரிவுக் குழந்தைகளில் பலர் அடித்த விதத்தை மட்டுமின்றி, அடித்தவர் சொன்ன சொற்களையும் அப்படியே திருப்பிச் செய்தார்கள். 1963-இல் அதையே படமாக எடுத்துக் காட்டியபோதும் விளைவு மாறவில்லை.

எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்தச் சோதனையைத்தான். எனக்கோ, 1965-இல் பண்டூரா வெளியிட்ட அடுத்த சோதனைதான் தங்கள் வீட்டுக்குப் பொருத்தமாகப் படுகிறது. அதில் பொம்மையை அடித்தவர் பரிசு பெறுவதைச் சில குழந்தைகளும், அவர் தண்டிக்கப்படுவதைச் சில குழந்தைகளும், எதுவுமே நேராததை மற்றவர்களும் பார்த்தார்கள். தண்டனையைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அடித்தார்கள். ஆனால் "பார்த்ததைச் செய்துகாட்டினால் பரிசு உண்டு" என்று சொன்னதும், மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவுக்குச் செய்துகாட்டினார்கள். அடிக்கும் விதத்தை எல்லோருமே கற்றுக்கொண்டிருந்தார்கள். செய்யலாமா கூடாதா என்பதை மட்டும் சூழலைப் பார்த்து முடிவு செய்தார்கள்.

ஆகவே, மகன் காலைத் தூக்கும் அந்தக் கணத்தில் அவனை விட்டுவிட்டுச் சுற்றியிருப்பவர்களைக் கவனியுங்கள். பாட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாரா? சித்தப்பா "மாஸுடா!" என்று சொல்லி, இன்னொரு முறை செய்யச் சொல்லிப் படமெடுத்து, குவைத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாரா? தங்கை அழும்போது "விளையாட்டுக்குத்தானே, அழக் கூடாது" என்று அவளையே அதட்டுகிறார்களா? இவற்றில் ஒன்று நடந்தாலும், திரை கற்றுக்கொடுத்ததற்கு வீடு அனுமதி வழங்கிவிட்டது என்று பொருள். அந்த இடத்தில் சிரிப்பு நின்று, உதைத்தவனை நிறுத்தி, அடிபட்டவளின் பக்கம் வீடு திரும்பினால் பாதி வேலை முடிந்துவிடும்.

ரவுடி விஷயத்துக்கு வருகிறேன். ராவல் ஹ்யூஸ்மன் என்னும் உளவியலாளரின் குழுவினர் 1977-இல் சிகாகோ பகுதியில் ஆறு முதல் பத்து வயது வரையிலான குழந்தைகளை ஆராய்ந்து, ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் கழித்து அவர்களில் பலரை மீண்டும் சந்தித்தார்கள். சிறுவயதில் வன்முறைக் காட்சிகளை அதிகம் பார்த்தவர்களிடம், குடும்பத்தின் வசதி போன்றவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும், பெரியவர்களான பின் மூர்க்கம் சற்றுக் கூடுதலாகவே தென்பட்டது. அடிக்கும் கதாபாத்திரமாகத் தன்னையே நினைத்துக்கொண்டவர்களிடமும், திரையில் காண்பது நிஜம் என்று நம்பியவர்களிடமும் அது அதிகமாக இருந்தது. வன்முறை நிறைந்த வீடியோ விளையாட்டுகளைப் பொறுத்தவரை அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் தெளிவாக ஒரு கோடு கிழித்தது: கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்தோடு அவற்றுக்குச் சிறிய தொடர்பு உண்டு, கொடிய வன்முறைக்கு அவற்றைக் காரணமாகக் காட்டப் போதிய ஆதாரம் இல்லை. மகன் ரவுடியாவான் என்று நாத்தனார் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் தங்கைக்கு இன்று வலிப்பது பொய்யாகிவிடாது.

கைப்பேசியைப் பிடுங்கிப் பரண்மேல் வைப்பதைவிட, படத்தைக் கூடத்திலுள்ள தொலைக்காட்சியில் ஓடவிட்டு, வாரம் ஒருமுறையாவது பக்கத்தில் உட்காருங்கள். அடிவாங்கிச் சரிந்த ஆளை யார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றார்கள், செலவு எவ்வளவு ஆனது, கதாநாயகன்மேல் ஏன் வழக்குப் போடவில்லை என்று சும்மா கேட்டுவையுங்கள். பத்து வயதுப் பையன்கள் இந்தக் கணக்குகளை ஆர்வமாகப் போடுவார்கள்.

கேள்வி: எங்கள் காலத்தில் ஊர் அமைதியாக இருந்தது. அரிவாள் படங்கள் வந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. அரசு ஏன் அவற்றை அடியோடு தடை செய்யக் கூடாது?
— மன்னார்குடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

பதில்: ஐயா, தங்கள் வயதை மதித்தே மறுக்கிறேன். 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தகராறின் முடிவில், 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். சென்னைக்கே தொலைக்காட்சி 1975-இல்தான் வந்தது. அந்தத் தீயை வைத்தவர்கள் அதை எந்தப் படத்திலும் கற்க வேண்டியிருக்கவில்லை. நிலமும் சாதியும் அவர்களுக்குப் போதுமான துணிச்சலைக் கொடுத்திருந்தன. மறுபுறம், நரசிம்ம ஜயந்தியை ஒட்டி மெலட்டூரில் ஆண்டுதோறும் இரணியன் கதை ஆடப்படுகிறது. நரசிம்மர் முகமூடி அணிந்தவர் ஆவேசம் கொள்ளும்போது ஆட்கள் அவரைப் பிடித்துக்கொள்வது வழக்கம். ஊர் மொத்தமும் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு வீடு திரும்புகிறது.

தடை குறித்தும் ஒரு செய்தி. மற்றக் கலைகளைவிடத் திரைப்படம் உணர்ச்சியை ஆழமாகக் கிளறும் என்று கூறித்தான், 1970-இல் திரைப்பட இயக்குநர் கே.ஏ. அப்பாஸ் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் முன்தணிக்கையை ஏற்றுக்கொண்டது. 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் 'யுஏ' சான்றிதழை (பெற்றோர் வழிகாட்டலோடு குழந்தைகள் பார்க்கலாம் என்பது) 7, 13, 16 வயதுகளுக்கு மேல் என மூன்றாகப் பிரித்திருக்கிறது. இருப்பதைப் பயன்படுத்தினாலே போதும். 'ஏ' சான்றிதழ் படத்துக்குக் கைக்குழந்தையோடு வருபவர்களை எந்தத் திரையரங்க வாசலில் திருப்பி அனுப்புகிறார்கள்?

தங்களுக்கு வியப்பாக இருக்கலாம்: கார்டன் டால், ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா என்னும் பொருளியலாளர்கள் 2009-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், வன்முறைப் படங்களுக்குக் கூட்டம் அதிகமாக இருந்த நாள்களின் மாலையிலும் இரவிலும் அடிதடிக் குற்றங்கள் குறைந்திருந்தன. அடிதடிக்குப் போகக்கூடியவர்கள் அந்த நேரத்தில் குடிக்காமல் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தது அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. நம் ஊரில் டாஸ்மாக் வாசலைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

கேள்வி: புகைபிடிக்கும் காட்சிக்கு எச்சரிக்கை வருகிறது. மனைவியைக் கன்னத்தில் அறையும் காட்சிக்கு ஏன் இல்லை?
— கும்பகோணம் வாசகி

பதில்: 2012 முதல் வரும் அந்த எச்சரிக்கை புகையிலைச் சட்டத்தின் விதி, அறைக்கு அப்படியொரு விதி இல்லை. அரிவாள் வெட்டைவிட என்னை அதிகம் உறுத்துவது தாங்கள் சொல்லும் அறைதான். வெட்டைப் பார்த்தவர் முகம் சுளிக்கிறார். குடும்பப் படத்தில் அறை விழுந்ததும் மனைவி 'திருந்துகிறாள்', அரங்கம் கைதட்டுகிறது.

கேள்வி: கல்லூரிக்குச் செல்லும் பேருந்தில் ஓர் இளைஞர் பல மாதங்களாகப் பின்தொடர்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "படத்தில்கூட முதலில் வேண்டாம் என்றுதானே சொல்வார்கள்" என்று தோழிகள் சிரிக்கிறார்கள்.
— மயிலாடுதுறை மாணவி

பதில்: இங்கே நான் தமிழ்த் திரைப்படத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவே செய்வேன். மறுக்கும் பெண்ணைத் துரத்துவதே காதல் என்று பல பத்தாண்டுகளாகப் பாட்டுப் பாடிச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. தங்கள் தோழிகளும் அதே பாடத்தைத்தான் படித்திருக்கிறார்கள். ஆனால் சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறை. தேதி, நேரம், பேருந்து எண் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். வீட்டில் ஒருவரிடமும் கல்லூரியில் ஒருவரிடமும் இன்றே சொல்லுங்கள். 181 என்னும் மகளிர் உதவி எண் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. தனியாக அவரிடம் 'புரியவைக்க' மட்டும் போகாதீர்கள்.

கேள்வி: மாலை ஆறரை முதல் இரவு பத்து வரை என் மாமியார் தொடர்கள் பார்க்கிறார். விஷம் வைப்பதும் ஆள் கடத்துவதுமாகவே பார்த்து, பேத்தியை டியூஷனுக்குத் தனியாக அனுப்பவே அஞ்சுகிறார். தொலைக்காட்சியை நிறுத்திவிடலாமா?
— நாகப்பட்டினம் வாசகி

பதில்: நிறுத்தினால் சண்டை வரும், அச்சம் போகாது. தொலைக்காட்சி மிகுதியாகப் பார்ப்பவர்கள் உலகத்தை உள்ளதைவிடப் பொல்லாததாகக் கருதுகிறார்கள் என்று ஜார்ஜ் கெர்ப்னர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் பல ஆண்டுகள் எழுதினார். தங்கள் மாமியார் யாரையும் அடிக்கப் போவதில்லை, ஆனால் பேத்தியின் நடமாட்டம் சுருங்குகிறது. திரையின் பாதிப்பு என்றால் இதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

அதே பெட்டி வேறொன்றும் செய்திருக்கிறது. ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்னும் பொருளியலாளர்கள் 2001 முதல் 2003 வரை தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில் திரட்டிய விவரங்களை ஆராய்ந்தபோது, கேபிள் இணைப்பு புதிதாக வந்த கிராமங்களில், கணவன் மனைவியை அடிப்பது சரியே என்று சொன்ன பெண்களின் அளவு குறைந்திருந்தது. ஆண் குழந்தைதான் வேண்டும் என்ற விருப்பமும் தணிந்திருந்தது. அழுகைத் தொடர்கள்தானே என்று நாம் ஏளனம் செய்தவற்றில், வேலைக்குப் போகும் பெண்ணையும் எதிர்த்துப் பேசும் மருமகளையும் அவர்கள் பார்த்தார்கள்.

ஒரு வாரத்துக்கு டியூஷன் வாசல் வரை மாமியாரையே துணைக்கு அனுப்பிப் பாருங்கள். அந்த மினி பஸ்ஸில் வருபவர்களில் பாதிப் பேர் அவருக்குத் தெரிந்தவர்களாக இருப்பார்கள்.