இறப்பர் மரப் பலகை புத்தகம் தாங்குமா?

கேள்வி: ஃபிளாட்ஸில இருக்கிறம், நாலடி நீளத்தில புத்தக ராக்கை ஒண்டு செய்யக் கேட்டதுக்கு மொறட்டுவையில ஃபிங்கர் ஜொயின்ட் இறப்பர் பலகை நல்லம் எண்டாங்கள். மாமாவோ கெதியா வளர்ற மரமெல்லாம் பலமில்ல, தேக்கு இல்லாட்டி முதிரைதான் போடோணும் எண்டு நிக்கிறார். முந்தி வச்சிருந்த எம்டிஎஃப் (மரநாரைப் பொடியாக்கிப் பசை போட்டு அமுக்கின பலகை) தட்டும் நடுவில தொங்கிப்போச்சு. என்ன செய்யிறது?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: மாமா சொல்லுறது முழுப்பிழை இல்ல தங்கச்சி. கெதியா வளர்ற மரத்தைச் சின்ன வயசிலயே வெட்டினா தண்டின்ர நடுப்பகுதி, அதாவது முதல் கொஞ்ச வருசத்தில வளர்ந்த மரம்தான் கூட வரும், அதில நார் சரிஞ்சு கிடக்கிறதால விறைப்பு குறைவு, காயேக்க நீளவாக்கிலயும் சுருங்கி வளையும். ஆனா இறப்பரை பால் வத்தினபிறகு, 25, 30 வருசத்திலதான் தறிக்கிறவை, அது அப்பிடியொண்டும் பிஞ்சு மரமில்ல. அடர்த்தியும் தேக்குக்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில நிக்கும். மலைவேம்பு மாதிரி லேசான மரத்தோட இதைச் சேர்த்துப் பேசினா பாவம்.

ஃபிங்கர் ஜொயின்ட் எண்டா கணு, வெடிப்பு எல்லாத்தையும் வெட்டி எறிஞ்சுபோட்டு மிச்சத் துண்டுகளைப் பல்லுப்பல்லா வெட்டிப் பசை போட்டு ஒட்டுறது. குறையில்லாத முழுப்பலகையை விட பலம் கொஞ்சம் குறையும்தான், ஆனா ஒரு பலகைக்கும் மற்றதுக்கும் வித்தியாசம் பெரிசா இராது, கணு இருக்கிற இடத்தில படக்கெண்டு முறியிற பயமும் இல்ல.

இப்ப உங்கட எம்டிஎஃப் கதைக்கு வாறன். அது முறியேல்ல, தொங்கினதுதானே? பலம் வேற, விறைப்பு வேற. எம்டிஎஃப்பில நார் எல்லாம் பொடியாகிக் கண்டபடி கிடக்கிறதால விறைப்பு நல்ல மரத்தின்ர மூண்டில ஒரு பங்கு அளவுதான், அதோட மாசக்கணக்கா பாரம் இருந்தா மெல்ல மெல்ல இன்னும் இறங்கிக்கொண்டே போகும், கடற்காத்து ஈரம் வேற. அதுக்காக தேக்கு வாங்கிக் காசைக் கரைக்காதேங்கோ, நீளத்தைக் குறையுங்கோ! நாலடித் தட்டை நடுவில ஒரு நிலைப்பலகை குடுத்து ரெண்டடி ரெண்டடியாப் பிரிச்சா, அதே புத்தகத்துக்குத் தொங்கல் முந்தினதில பதினாறில ஒரு பங்குக்கு மேல வராது. தடிப்பை 18 மில்லிமீட்டரில இருந்து 25 ஆக்கினா விறைப்பு இரண்டரை மடங்குக்கு மேல கூடும். மாமாவுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கோ, முதிரை தேவையில்லை.

இறப்பரின்ர உண்மையான பிரச்சினை பாரமில்ல, பூச்சி. மரத்தில மாச்சத்து கூட, தறிச்ச உடனே மருந்து ஏத்தாட்டி உளுத்துப்போகும், நீலப்பூஞ்சையும் பிடிக்கும். போரான் மருந்து ஏத்திச் சூளையில காயவச்ச பலகையோ எண்டு கேட்டு வாங்குங்கோ. அந்த மருந்து தண்ணியில கரைஞ்சு போறதால பல்கனியில, மழை படுற இடத்தில வைக்காதேங்கோ.

கேள்வி: குசினி சிங்குக்குக் கீழ பிளைவூட் போடலாமா?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: போடலாம், ஆனா என்ன மரம் எண்டதை விட என்ன பசை எண்டு பாருங்கோ. மலிவான பிளைவூட்டில யூரியா பசை, ஈரம் பட்டா தாள்தாளாக் கழரும். ஃபினோலிக் பசை போட்ட மரைன் பிளை கேளுங்கோ. வெட்டின விளிம்புக்கு பெயின்ட் அடிக்காமல் தச்சுவேலை பாஸை வீட்டுக்கு அனுப்பாதேங்கோ, தண்ணி உள்ள போறது அந்த விளிம்பாலதான்.