முகமூடி காயவில்லை, வெடிக்கிறது, வழுகுகிறது: கூத்துப் பட்டறைக் கேள்வி பதில்

மலையகக் கூத்துக்கு முகமூடி செய்யப் பழக்கும் பட்டறையில் முதலில் கடதாசி முகமூடி, கை பழகியபின் மரம். இரண்டிலும் கைவைத்துப் பார்த்தவர்கள் கேட்டவை இவை, முன்னால் இருப்பது அவரவர் ஊர்.

மஸ்கெலியா: காமன்கூத்துல நாங்க அரிதாரம் பூசித்தானே ஆடுறோம். முகமூடி எதுக்கு அண்ணே?

காமன்கூத்து மன்மதனைச் சிவன் எரித்த கதை. அதில் ரதிக்கும் மன்மதனுக்கும் வேண்டவே வேண்டாம். அவர்கள் பாடி ஆடுபவர்கள், முகமூடிக்குள் பாட்டு அமுங்கிப்போகும். வீரபத்திரன் மாதிரி உக்கிர வேஷத்துக்குச் செய்து பார்க்கலாம். அவருக்கும் பாட்டு வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் மேலுதட்டோடு வெட்டி நிறுத்திய அரை முகமூடி போதும்.

தலவாக்கலை: பசை எந்த அளவில் காய்ச்சுவது?

கோதுமை மா 1 கோப்பை, தண்ணீர் 5 கோப்பை. 1 கோப்பைத் தண்ணீரில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். மீதி 4 கோப்பையும் தளதளவென்று கொதிக்கும்போது அதை ஊற்றிக் கைவிடாமல் கிண்ட வேண்டும். பால் நிறம் மாறி மினுங்கத் தொடங்கியதும் இறக்குங்கள். பூஞ்சணம் பிடிக்காமலிருக்கச் சிலர் உப்புப் போடுகிறார்கள். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், நம் பனிக்கு அது கூடாது. மயில்துத்தம் நஞ்சு, முகத்தில் வைக்கிற பொருளில் அதற்கு வேலையில்லை. ஆறிய பசையில் கராம்பு எண்ணெய் நாலைந்து சொட்டு விடுங்கள்.

கடதாசியைக் கத்தரிக்காதீர்கள், கிழியுங்கள். கிழிந்த ஓரம்தான் ஒன்றோடொன்று படியும். களிமண் அச்சின்மேல் முதல் படை (அடுக்கு) வெறும் தண்ணீரில் நனைத்தது, அப்போதுதான் அச்சிலிருந்து கழன்று வரும். அதன்மேல் பசையோடு 8 படை. பத்திரிகைத் தாள் ஒரு படை, சீமெந்துப் பையின் உள்தாள் ஒரு படை என்று மாற்றி மாற்றி ஒட்டினால் எந்த இடத்தில் படை விட்டுப்போனது என்று நிறமே சொல்லிவிடும். மூக்குக்கும் புருவத்துக்கும் இன்னும் 2 படை.

நானுஓயா: நாலு நாளாச்சு, இன்னும் ஈரம். உள்ளே கறுப்புப் புள்ளி வேற.

எட்டுப் படையையும் ஒரே மூச்சில் ஒட்டியிருப்பீர்கள். மேல்தோல் காய்ந்து மூடிக்கொள்ள, உள்ளே இருக்கும் தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. மூன்று படை ஒட்டினால் நிறுத்துங்கள், காய்ந்தபின் அடுத்த மூன்று. காய்ந்ததா என்று விரலுக்குத் தெரியாது. கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் உண்டு. சுண்டினால் சுரைக்குடுக்கை மாதிரிச் சத்தம் வர வேண்டும், ‘தொப்’பென்றால் இன்னும் ஆகவில்லை.

வெயில் இருக்கும்வரை வெளியே வையுங்கள், பின்னேரம் பனி இறங்குமுன் உள்ளே எடுத்துவிடுங்கள். இரவுக்கு லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) அடுப்புக்கு மேலுள்ள பரண் நல்ல இடம். அடுப்பை ஒட்டி வைத்தால் வெளிப்படை சுருண்டு தாடை ஒருபக்கம் இழுத்துக்கொள்ளும். முழுக்கக் காயாமல் அச்சிலிருந்து கழற்றினாலும் அதே கோணல்தான்.

கறுப்புப் புள்ளி மேலோடு இருந்தால் தேய்த்தெடுத்து, வினாகிரி தொட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். வாடை வந்துவிட்டதென்றால் எறிந்துவிடுங்கள். அதை மூக்கில் மாட்டிக்கொண்டு ஆடப்போகிறவர் ஒரு மனிதர்.

பண்டாரவளை: அம்பலாங்கொடையில் பாவிக்கும் கதுரு மரம்தான் வேண்டுமா?

காலி மாவட்டக் கரையோரமான அம்பலாங்கொடையில் கோலம், சன்னி என்ற சிங்கள முகமூடி ஆட்டங்களுக்கு அதில்தான் செதுக்குகிறார்கள். (சிங்களத்திலும் வேடத்துக்குக் ‘கோலம்’தான் பெயர்.) எடை குறைவு, உளிக்கு இணங்கும். கதுரு என்ற பெயரில் பல மரங்கள் உண்டு, காய் நஞ்சு, ஆகவே தூள் பறக்கத் தேய்க்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். மலையில் எளிதில் கிடைப்பது முள்முருங்கை. தேயிலைக்கு நிழலாக நட்ட பழைய மரத்தின் அடித்தண்டு இலேசானது, பழகுவதற்கு ஏற்றது. கவ்வாத்தில் வெட்டிக் கழிக்கும் கொப்பு உதவாது, முகத்தின் அகலம் வராது. சவுக்கு (தோட்டத்துக் கிரவிலியா) வேண்டாம். பாரம், அதன் தூள் சிலருக்குத் தோல் அரிப்புக் கொடுக்கும்.

பதுளை: பாதி செதுக்கியதும் நெற்றியிலிருந்து மூக்குவரை வெடித்துவிட்டது.

தண்டின் நடுக்கண் (வளையங்களின் மையம்) உங்கள் மூக்குக்குள் இருந்திருக்கிறது. உருண்டைக் கட்டையை அப்படியே செதுக்கக் கூடாது. நெடுக்காக இரண்டாகப் பிளந்து, நடுக்கண்ணைச் சுற்றியுள்ள இரண்டு விரல் அகலத்தைக் கழித்துவிடுங்கள். பட்டைப் பக்கம் முகமாகவும் உட்பக்கம் குழிவாகவும் வர வேண்டும். வெட்டிய அன்றே இரண்டு முனைக்கும் மெழுகோ பழைய பெயின்றோ பூசுங்கள். மரத்தின் ஈரம் முனை வழியாகத்தான் வேகமாக ஓடும், முனை முந்திச் சுருங்கினால் வெடிப்பு அங்கே தொடங்கும். கரையோரத்துக் கைவினைஞர்கள் வெயிலோடு நிறுத்தாமல் புகையிலும் உலர்த்துவார்கள். அதற்கும் நம் பரண் உதவும்.

முகத்தை முடித்துவிட்டுக் குடைவதும் தவறு. முகத்தை முரட்டு உருவத்தில் நிறுத்திவிட்டு, உட்பக்கத்தைக் குழிஉளியால் ஒரு சென்ரிமீற்றர் தடிப்புக்குக் குடைந்து, ஒரு கிழமை காயவிட்டு, பிறகுதான் கண்ணும் உதடும். தடிப்பு எங்கும் ஒன்றாக இருந்தால் சுருக்கமும் ஒன்றாக இருக்கும்.

அப்புத்தளை: ஆடும்போது முகமூடி வழுகுது, கால்வைக்கிற படியும் தெரியல.

உள்ளளவை ஆடுபவரின் முகத்தைவிடச் சுற்றிவர ஒரு சென்ரிமீற்றர் கூட்டி எடுங்கள். நெற்றி, இரண்டு கன்னம் ஆகிய மூன்று இடத்தில் மட்டும் பஞ்சுத்துணி வையுங்கள். மூக்கில் பாரம் இறங்கக் கூடாது. கண்ணுக்கு நேரே நாடா கட்டினால் கீழே சரியும், அதற்கு மேலே ஒரு சோடி கட்டி, உச்சந்தலை வழியாக இன்னொன்றும் கொடுங்கள். பார்வைத் துளையை வரைந்த கண்மணிக்குக் கீழே நீளப் பிளவாக வெட்டினால் சனத்துக்குத் தெரியாது, ஆடுபவருக்கு நிலம் தெரியும்.

ஹட்டன்: எனமல் பெயின்ற் பிசுபிசுவென்றே நிற்கிறது.

குளிரில் கெட்டியாகப் பூசியதால். இரண்டு மெல்லிய பூச்சு, நடுவில் ஒரு முழு நாள். பூசுமுன் 120, 240 இலக்கச் சாண்ட் பேப்பரால் இழைத்து, முகம் முழுக்க முதலில் மஞ்சள் அடியுங்கள், அம்பலாங்கொடை முறையும் அதுதான். சிவப்பு அதன்மேல் எரிகிற மாதிரி நிற்கும். கறுப்புக் கோடு கடைசியில். உட்புறத்துக்கு எனமல் வேண்டாம், வியர்வையில் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.