எல்லா ஜன்னலுக்கும் மோட்டார் திரை வேண்டுமா?

கேள்வி: எங்கள் புது வீட்டில் பூச்சு வேலை முடியும் தறுவாயில் இருக்கிறது. கூடத்தில் மேற்கு பார்த்து வரிசையாக மூன்று உயரமான ஜன்னல்கள். மாடிப்படி ஓரமாகக் கைக்கு எட்டாத உயரத்தில் ஒன்று. இரவுப் பணிக்குச் செல்லும் என் கணவர் பகலில் உறங்கும் அறையில் இரண்டு. சமையலறை முதலியவை தனி. இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறாள். எல்லாவற்றுக்கும் அளவெடுத்துச் செய்யும் மோட்டார் திரைகளே போட்டுவிடலாம், பேட்டரியில் ஓடும், வயரிங் வேண்டாம் என்கிறார் விற்பனையாளர். அவர் சொல்வதை நம்பலாமா?
– ஒரு வாசகி

பதில்: பூச்சு வேலை இன்னும் முடியவில்லை என்பதுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட செய்தி. துணி, நிறம் எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் எலெக்ட்ரீஷியனை அழைத்து, மோட்டார் வரப்போகும் ஒவ்வொரு ஜன்னலின் மேல் மூலைக்கும் சுவருக்குள் பைப் பதித்துவிடச் சொல்லுங்கள். எந்த மூலை என்பதைத் திரை செய்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். திரைத்துணி சுற்றியிருக்கும் உருளையின் ஒரு முனைக்குள்தான் மோட்டார் இருக்கும், வயரும் அந்தப் பக்கமாகத்தான் வெளியே வரும். நேராக வீட்டு மின்சாரத்தில் ஓடும் மோட்டாரும் உண்டு, 12 அல்லது 24 வோல்ட்டில் ஓடுவதும் உண்டு. இரண்டுக்கும் வயரிங் வேறு என்பதால், எது வரப்போகிறது என்று தெரிந்த பிறகே வயரை இழுக்க வேண்டும். பைப் மட்டுமாவது இப்போதே உள்ளே போய்விட்டால், பின்னாளில் சுவரை உடைக்க வேண்டியிராது.

விற்பனையாளர் பொய் சொல்லவில்லை. பேட்டரி மோட்டார்கள் நன்றாகவே ஓடுகின்றன. திரையின் எடையையும் ஒரு நாளில் எத்தனை முறை ஏற்றி இறக்குகிறோம் என்பதையும் பொறுத்து, ஒருமுறை சார்ஜ் செய்தால் மாதக்கணக்கில் தாங்கும். ஆனால் சார்ஜ் தீர்ந்த பின் அந்த மாடிப்படி ஜன்னலுக்கு யார் ஏணி வைத்து ஏறுவது என்பதையும் அவர் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு ஜன்னலுக்கு வயர் கட்டாயம். கூடத்து ஜன்னல்களில் பேட்டரி போதும் என்று தோன்றினால், மாலை வெயில் நேராக விழும் இடம் என்பதால், கண்ணாடியை ஒட்டிப் பொருத்தும் சிறிய சோலார் தகடு அங்கே நன்றாகப் பயன்படும்.

எல்லா ஜன்னலுக்கும் மோட்டார் தேவையில்லை என்பது என் கருத்து. கை எட்டாத இடத்துக்கும், தினமும் குறித்த நேரத்தில் ஏறி இறங்க வேண்டிய இடத்துக்கும் அது பொருத்தம். அப்படிப் பார்த்தால் நீங்கள் எண்ணிச் சொன்ன ஆறு ஜன்னல்களுடன் நிறுத்திக்கொள்ளலாம். மற்றவற்றுக்குக் கையால் இயக்கும் திரையே போதும். ஆனால் குழந்தை இருப்பதால், தொங்கும் கயிறோ மணிச்சங்கிலியோ உள்ள திரையை வாங்காதீர்கள். அது கழுத்தில் சுற்றிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். கயிறே இல்லாத ஸ்பிரிங் வகைத் திரைகள் கிடைக்கின்றன.

இனி துணி. மேற்கு வெயிலுக்கு நுண்துளைகள் உள்ள சன்ஸ்கிரீன் துணி ஏற்றது. அதில் 1, 3, 5, 10 சதவீதம் என்று எண் சொல்லி விற்பார்கள். துணியில் துளைகளின் பங்கு அது. எண் கூடக்கூட வெளிக்காட்சி தெளியும், கண்கூச்சமும் கூடும். உங்கள் கூடத்துக்கு 3 சதவீதத்தைத் தாண்ட நான் சொல்ல மாட்டேன். வெளிர்நிறத் துணி வெப்பத்தைக் கூடுதலாகத் திருப்பி அனுப்பும், ஆனால் வெயில் படும்போது அதுவே பளீரென்று ஒளிரும். அடர்நிறத் துணியின் வழியே வெளிக்காட்சி தெளிவாகத் தெரியும். கண்ணாடியைப் பார்க்கும் புறம் வெளுப்பாகவும் அறையைப் பார்க்கும் புறம் கருமையாகவும் நெய்த துணி கிடைத்தால் இரண்டு நன்மையும் சேர்ந்து கிடைக்கும். எதுவானாலும் மாதிரித் துண்டை வாங்கிவந்து, மாலை வெயில் நேரத்தில் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். இரவிலும் விளக்கைப் போட்டுவிட்டு வெளியே போய் நின்று பாருங்கள். பகலில் மறைவு தரும் இந்தத் துணி, இரவில் அறைக்குள் இருப்பவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு இரண்டாவதாக ஒரு திரைச்சீலை தேவைப்படலாம்.

படுக்கையறைக்கு வெளிச்சத்தை ஊடுருவ விடாத பிளாக்அவுட் துணி என்பதில் சந்தேகமில்லை. பலரும் ஏமாறுவது அந்தத் துணியின் ஓரத்தில்தான். உருளையின் இரு முனைகளிலும் மோட்டார் தலைக்கும் பிராக்கெட்டுக்கும் இடம் விடுவதால், ஜன்னல் குழிக்குள் பொருத்தும் திரையில் துணிக்கும் சுவருக்கும் நடுவே ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 15 முதல் 20 மில்லிமீட்டர் இடைவெளி விழும். பகலில் உறங்குபவருக்கு அந்த வெளிச்சக் கீற்று போதும், தூக்கம் போய்விடும். அதனால் அந்த அறையில் திரையைச் சுவரின் வெளிமுகத்தில், ஜன்னலைவிட அகலமாகப் பொருத்துங்கள். குழிக்குள்தான் வேண்டுமென்றால், துணியின் ஓரம் உள்ளே ஓடும்படி பக்கச் சட்டங்கள் கேளுங்கள். மோட்டாரின் சத்தத்தையும், கடையில் வெறும் மோட்டாரை ஓட்டிக் கேட்காமல், முழுத் திரை மாட்டிய நிலையில் ஓடவிட்டுக் கேளுங்கள்.

அளவெடுப்பதைப் பூச்சு முழுக்க முடிந்த பிறகு, திரை செய்பவரின் ஆளிடமே விடுங்கள். அளவு தவறினால் மாற்றித்தருவது அவர் பொறுப்பாகிவிடும். ஆனாலும் உடன் நில்லுங்கள். குழிக்குள் பொருத்துவதானால் அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் மில்லிமீட்டர் கணக்கில் எடுத்து, மிகக் குறைந்ததைக் குறிக்க வேண்டும். கூடத்தின் மூன்று ஜன்னல்களும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் தனித்தனியாகத்தான் அளக்க வேண்டும். ஜன்னல் கைப்பிடி எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் காட்டுங்கள். துணி அதில் இடிக்குமென்றால், உருளையின் முன்பக்கமாக இறங்கும்படி மாற்றிச் சுற்றித்தருவார்கள்.

இயக்குவதற்குச் சாதாரண ரிமோட்டே போதும். மூன்று கூடத்துத் திரைகளையும் ஒரே பொத்தானில் சேர்த்துக்கொள்ளலாம். செல்பேசியிலும் வேண்டுமென்றால் பெரும்பாலும் ஒரு ஹப், அதாவது மோட்டாரையும் வீட்டு இணையத்தையும் இணைக்கும் சிறு கருவி, தேவைப்படும். 2022-இல் வெளியான மேட்டர் என்ற பொதுத்தரத்தை ஏற்கும் மோட்டாராக இருந்தால், ஒரே நிறுவனத்தின் செயலியோடு கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை. இணையம் நின்றாலும் ரிமோட் வேலை செய்யுமா என்று கேட்டுவிடுங்கள். மின்தடையின்போது வயர் மோட்டார் திரை இருந்த இடத்திலேயே நிற்கும். அவசரத்தில் யாரும் அதைக் கையால் பிடித்து இழுக்கக் கூடாது, உள்ளிருக்கும் பல்சக்கரம் பழுதாகும். உங்கள் கணவரின் அறைக்குப் பேட்டரி மோட்டாரே நல்லது என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அளவெடுத்துச் செய்த திரையைப் பொதுவாகத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எனவே முன்பணம் கொடுக்கும் முன்பே துணியின் குறியீட்டு எண், ஒவ்வொரு ஜன்னலின் அளவு, மோட்டார் எந்தப் பக்கம், பழுதானால் மோட்டாரையும் பேட்டரியையும் மட்டும் தனியாக மாற்றித்தருவார்களா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.